மூச்சு வாங்கிய இடத்தில் ஒரு சுமைதாங்கி

ராசிபுரம் பக்கத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறுகிற ஒற்றையடிப் பாதையில் ஒரு சுமைதாங்கி நிற்கிறது. நிற்கக் கூடாத இடத்தில் நிற்கிறது. இடத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான். நான் என்று சொல்வதுகூடச் சரியில்லை. என் முழங்கால்கள் தேர்ந்தெடுத்தன. கூட நானும் போயிருந்தேன், அவ்வளவுதான்.

எங்கள் வயதுக்காரர்களுக்குச் சுமைதாங்கி என்றால் விளக்க வேண்டியதில்லை. இப்போது மோட்டாரில் போகிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நெஞ்சு உயரத்துக்கு இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக் கல்லைக் கிடத்தியிருக்கும். தலைச்சுமையோடு தனியாக வருகிறவர் யார் கையையும் எதிர்பார்க்காமல் சுமையை அதன்மேல் சரித்துவிட்டு மூச்சு வாங்கலாம்; போகும்போது குனிந்து அப்படியே தலைக்கு வாங்கிக்கொள்ளலாம். வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போனவள் பேரில்தான் அதை நடுவார்கள். இறக்கி வைக்க வேண்டியதை இறக்கி வைக்காமலே போய்விட்டாள் அல்லவா? வழியில் போகிற யாரோ ஒருவர் தம் சுமையை அந்தக் கல்லில் இறக்கினால் அவள் சுமையும் இறங்கும் என்று ஒரு நம்பிக்கை.

எங்கள் கல் என் தங்கையின் பேரில் நட்டது.

நாங்கள் நெசவுக்காரர்கள். விடிந்தால் தெரு முழுக்கத் தறிச் சத்தம். என் தங்கை கல்யாணம் ஆகும்வரை நடந்த தூரம் என்று கணக்கெடுத்தால், தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டும்போது இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்ததுதான். அவளைக் கட்டிக்கொண்டவர் கொல்லிமலையின் மேலே ஒரு பள்ளத்தாக்கில் சின்னதாகக் கடை வைத்திருந்தார். உப்பு, தீப்பெட்டி, மண்ணெண்ணெய், நம் ஊர்ச் சேலை. அதிகம் பேசாத மனிதர். என் தங்கை இரண்டு பேருக்குமாகச் சேர்த்துப் பேசுவாள்.

தாய்வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றியே பேச்சு.

“அண்ணா, நம்மூருல ஒரு எடத்துக்குப் போறதுக்காவ நடக்கறோம். அங்க நடக்கறதுக்கே நடக்கலாம்.”

“வேலை இல்லாதவங்க ஊருன்னு சொல்லு.”

“வாய்க்கா நம்ம கூடவே வரும் பாரு. நீ நின்னா அதும் நிக்கறாப்பல இருக்கும்.”

“நின்னா அதுக்குப் பேரு வாய்க்காயா? குட்டை.”

“நீ ஒருக்கா வந்து பாத்தாத்தானே தெரியும்.”

“நான் மலைக்கு வாரதுன்னா, மலை கொஞ்சம் எறங்கி வரோணும்.”

இது தமாஷ் இல்லை. கிணற்றை எட்டிப் பார்த்தாலே நான் இரண்டு எட்டு பின்வாங்கிவிடுவேன். அட்டாலியில் இருந்து நூல் கட்டு எடுக்க ஏணியில் ஏறினால், கீழே ஏணியைப் பிடிக்க ஒருவர், என்னோடு பேச்சுக் கொடுக்க ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும். ஊரில் நான் வாய் ஓயாத கேலிக்காரன் என்று பேர் வாங்கியவன். நடுங்குகிறவனுக்கு வாய்தான் கைத்தடி.

ஏழாம் மாதம் வளைகாப்புக்கு அவளை அழைத்து வருவதாக இருந்தது. அதற்குள் மலைக்காய்ச்சல் வந்துவிட்டது. கம்பளியை மூங்கிலில் தூளியாகக் கட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மாப்பிள்ளை கூடவே நடந்து வந்தார். அடிவாரத்தில் வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்து நான் காத்திருந்தேன். தூளி வந்தது. வண்டிக்காரரைப் பார்த்து, “ராணியம்மா வந்தாச்சு, வண்டியப் பூட்டுங்க” என்று சொன்னேன். தூளியைக் கீழே வைத்தார்கள். அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. தூக்கி வந்தவர்களுக்கே அதுவரை தெரியாது. எந்த வளைவில், எந்தப் பாறையோரத்தில் அவள் மூச்சு நின்றது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

கல் நட வேண்டும் என்று பேச்சு வந்தபோது, தெருப் பெரியவர்கள் சேலம் ரோட்டில் நடலாம் என்றார்கள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

“மோட்டார் போற ரோட்டுல கல்ல நட்டா யாருங்க சுமைய எறக்குவா? டிரைவரா எறக்குவாரு?”

அம்மாவுக்கும் என் வாய்தான். அல்லது என் வாய் அம்மாவுடையது. “அவ மலைப் பாதையில போனா. அந்தப் பாதையில எங்க நட்டாலும் சரி. அங்கதான் இன்னும் சனங்க தலையில சுமந்துக்கிட்டு நடக்கறாங்க” என்று முடித்துவிட்டாள். மாப்பிள்ளை கடையை விட்டு இறங்கி வருகிற நிலையில் இல்லை. கல்லுக்குப் பஞ்சமில்லை, மலையிலேயே உடைத்துக்கொள்ளலாம். கல் வேலைக்காரர்கள் உளியோடு தயார். கூடப் போய் இடம் காட்ட வீட்டு ஆண்பிள்ளை வேண்டும். வீட்டில் இருந்த ஒரே ஆண்பிள்ளை நான்.

அப்படித்தான் நான் மலை ஏறினேன்.

அடிவாரத்தில் மூங்கில் காடு. அதற்குள் நான் நன்றாகத்தான் நடந்தேன். கல் வேலைக்காரர்களுக்கு நாலு கதைகூடச் சொன்னேன். மூங்கில் முடிந்து பாறைகள் ஆரம்பித்த இடத்தில், ஒரு பாறைக்குப் பின்னால் கன்னங்கரேலென்று, மயிரடர்ந்து, குந்தியபடி ஒரு கரடி. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். கரடியிடம் மரியாதையாகப் பேசினால் கேட்கும் என்று எங்கே கேள்விப்பட்டேனோ தெரியவில்லை.

“சாமி, நாங்க யாருக்கும் கெடுதல் நெனைக்காத சனமுங்க. நான் எலும்புந்தோலுமுங்க. பின்னால வாராங்க பாருங்க கல்லொடைக்கறவங்க, அவங்க நல்லாச் சதைப்புடிப்பா இருக்கறவங்க…”

கரடி எழுந்து, கறுப்புக் கம்பளியைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு, “தீப்பெட்டி இருக்குதுங்களா?” என்று கேட்டது.

கல் வேலைக்காரர்கள் அதற்குப் பிறகு என்னிடம் கதை கேட்கவில்லை.

பாதை சுற்றிச் சுற்றி ஏறி, ஓரிடத்தில் ஒரு பெரிய பாறையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போகும். ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததற்கு வெகு கீழே, நாங்கள் கடந்து வந்த மூங்கில் காடு கீரைப்பாத்தி போலத் தெரிந்தது. கல் வேலைக்காரர்கள் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு வெற்றிலை மென்றபடி அதைக் கடந்தார்கள். நான் நாலு காலில் கடந்தேன். இந்த வழியாகத்தானே தூளியைக் கொண்டு வந்தார்கள் என்ற நினைப்பு பாதியில் வந்தது. வந்ததும் கைகால் எல்லாம் விட்டுப்போயிற்று. எப்படியோ மறுபக்கம் சேர்ந்தேன். அங்கே நாலு பேர் நிற்கிற அளவு சமதரை. ஒரு கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டேன்.

“எங்கீங்க நடறது?” என்றார் கல் வேலைக்காரரில் மூத்தவர்.

“இங்கீங்க.”

“இங்கயா?”

“இங்கீங்க. இந்த எடத்துல எனக்கு என்னமோ வருதுங்க.”

செத்தவள்தான் அண்ணனுக்கு இடம் காட்டுகிறாள் என்று நினைத்து, பெரியவர் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். எனக்கு வந்தது வாந்தி.

கல் உடைத்து நட்டு முடிய நாளாகும் என்றார்கள். அதுவரை நான் மேலே மாப்பிள்ளை கடையில் தங்கினேன். அப்படித்தான் அந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்தேன்.

மலைக்கு மேலே ஏறினால் மலை இருக்கும் என்று நினைத்திருந்தேன். வயல் இருந்தது. சுற்றிலும் மேடு, நடுவே தாம்பாளம் போலப் பள்ளம். பள்ளத்தில் படிப்படியாக நெல். மேட்டுச் சரிவுகளில் சாமை. வரப்போரம் பலா மரங்கள், அடிமரத்திலேயே காய் தொங்கிக்கொண்டு. புல் வேய்ந்த வீடுகள் தரையில் பட்டும் படாமலும் குந்தியிருந்தன. காலையில் மூடுபனி வயலுக்குள் இறங்கி, வெயில் ஏற ஏற யாரோ பாவைச் சுருட்டி எடுத்துப் போவதுபோல ஒரு ஓரமாக விலகியது.

முதல் நாள் எனக்கு அங்கே தூக்கம் வரவில்லை. தறிச் சத்தத்தில் பிறந்தவன். சத்தம் நின்றால் எங்கேயோ நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு சத்தமும் இல்லை. என்ன அறுந்ததோ என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். மறுநாள் மாப்பிள்ளை ஒரு தடியைக் கையில் கொடுத்து, வாய்க்கால் கரையைக் காட்டினார். நடந்தேன். வாய்க்கால் கூடவே வந்தது. நான் நின்றேன். வளைவில் தண்ணீர் ஒரு குழியில் விழுந்து, சுற்றி, தயங்கி, நான் காலெடுத்து வைத்த பிறகே போனதுபோல இருந்தது. அவள் சொன்னதைச் சொன்னபடி வைத்திருந்தது. அந்த இடத்தில் என் கேலி எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். வரப்பில் எதிரே வந்த ஒருவர், பாம்பைப் பார்த்துவிட்டேனோ என்று விசாரித்தார்.

மாப்பிள்ளை கடையை விட்டு இறங்காமலே கல் நட்டு, பூசை போட்டு, ஊர் திரும்பினேன். அம்மா வாசலில் ராட்டினத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. நட்டாயா என்றும் கேட்கவில்லை.

“யாராச்சும் எறக்கி வெச்சாங்களா?”

“இப்பத்தானேம்மா நட்டிருக்குது. கல்லு இன்னும் மூச்சே வுடல.”

அம்மா ராட்டினத்தைச் சுற்றினாள். அந்த வாரத்திலிருந்து அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் இன்னொரு ஆளாகக் குடியிருந்தது. மலையிலிருந்து யார் இறங்கி வந்தாலும், அடிவாரத்துப் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு யார் போய் வந்தாலும், அம்மா அதைத்தான் கேட்டாள். மாப்பிள்ளை சரக்கு எடுத்துப் போகும்போதெல்லாம் கல்லில் மூட்டையை இறக்கிவிட்டுத்தான் போகிறார் என்று சொல்லிப் பார்த்தேன்.

“நம்மூட்டு ஆளு எறக்கினா அது சேத்தியில்ல. வழியில போறவங்க எறக்கோணும். அவங்க ஒடம்பு அசந்து, அவங்களா எறக்கோணும். அப்பத்தான் அவளுக்கு எறங்கும்.”

அம்மா சோறு சரியாகச் சாப்பிடவில்லை. படுத்தால் மல்லாந்து படுக்க மாட்டாள். ஒருக்களித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைத்தாய்ச்சி மாதிரி படுப்பாள். அதைப் பார்க்க முடியாமல்தான் நான் மலைக்குப் போக ஆரம்பித்தேன். ஒவ்வொரு சந்தை நாளும் ஏறி, கல்லுக்கு எதிரே ஒரு நிழலில் உட்கார்ந்துகொள்வேன். பயம் போய்விட்டதா என்றால் இல்லை. பாறை இடுப்பை நாலு காலில் கடப்பது மட்டும் கொஞ்சம் சுறுசுறுப்பாக நடந்தது.

யாரும் இறக்கவில்லை. வாழைத்தாரோடு, உப்பு மூட்டையோடு, புளிக்கூடையோடு சனங்கள் போனார்கள், வந்தார்கள். கல்லை ஒரு பார்வை பார்ப்பார்கள். மலையில் இப்படிக் கல் நடுகிற வழக்கம் கிடையாது. அது எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அவர்களுக்கு அங்கே மூச்சு வாங்கவில்லை.

ஒரு நாள் வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்: “இன்னைக்கு ஒருத்தரு எறக்கினாருங்கம்மா. பலாப்பழக்காரரு. அப்பாடான்னு எறக்கிட்டு, இந்தக் கல்ல நட்டவங்க நல்லா இருக்கோணும்னு கும்புட்டுட்டுப் போனாரு.”

அம்மா ராட்டினத்தை நிறுத்தினாள். “பெரிய பழமா?”

“அண்டா மாதிரி.”

“கார்த்திகை மாசத்துல.”

பலா பழுக்கும் காலம் எது என்று பொய் சொல்கிறவன் யோசித்திருக்க வேண்டும்.

“உன்ற தமாசெல்லாம் தறிக்குழியோட வெச்சுக்க சாமி” என்றாள் அம்மா. கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்துப்போயிருப்பேன்.

அடுத்த தடவை நான் சேலைக் கட்டு ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறினேன். மாப்பிள்ளைக்குச் சரக்கும் ஆயிற்று, என்னதான் கோளாறு என்று பார்க்கவும் ஆயிற்று. தலையில் பாரம் இருந்தால் கீழே எட்டிப் பார்க்க முடியாது. எட்டிப் பார்க்காதவனுக்கு அது வெறும் பாதை. பாறை இடுப்பை முதல்முறையாக இரண்டு காலில் கடந்தேன். எங்கள் கல் வந்தது. எனக்குச் சுமையை இறக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. கால் தானாக மேலே போயிற்று. கொஞ்ச தூரம், கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். அங்கே பாதை ஒரு கடைசி ஏற்றம் ஏறி, பள்ளத்தாக்கின் வாசலில் நின்றது. உள்ளேயிருந்து ஈரக்காற்று வந்து மூஞ்சியில் அடித்தது. ஓரத்தில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பாறை, மேலே தட்டையாக; மலைக்காரர்கள் வாசப்பாறை என்பார்கள். தலைமுறை தலைமுறையாகச் சுமை உராய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. என்னை அறியாமல் சேலைக் கட்டை அதன்மேல் சரித்துவிட்டு “அப்பாடா” என்றேன்.

சொன்ன பிறகுதான் புரிந்தது. நான் கல் நட வைத்தது பயம் களைத்துப்போன இடத்தில். சுமை களைக்கிற இடம் இங்கே இருந்திருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் ஊரே இறக்கி வைக்கிற வாசப்பாறை இருக்கும்போது, எவன் நடு ஏற்றத்தில் நிற்பான்?

கடைக்குப் போய் மாப்பிள்ளையிடம் சொன்னேன்.

“தெரியுமுங்க மச்சான்” என்றார்.

“தெரிஞ்சா அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே?”

“நான் வந்து பாக்கறப்ப நட்டுப் பூசையும் போட்டாச்சுங்க.” கொஞ்ச நேரம் உப்பைக் கிளறினார். “நட்ட கல்லப் புடுங்கறதுங்களா? அவள மறுக்காவும் தூக்கிக்கிட்டு அலையறாப்பல இருக்குமுங்க.”

நான் சேலைக் கட்டை அவிழ்த்து அடுக்க ஆரம்பித்தேன்.

அப்புறம் நான் செய்யாத வித்தையில்லை. கல்லுக்குப் பக்கத்தில் பானையில் தண்ணீர் வைத்தேன். தலைச்சுமையோடு நின்றபடியே அண்ணாந்து குடித்துவிட்டுப் போனார்கள். வெற்றிலை பாக்கு நீட்டினேன். ஒரு கையால் சுமையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் என் சொந்தச் சரக்கை அவிழ்த்தேன். கரடிக் கதையை நடித்துக் காட்டினேன். மலைப் பெண்கள் வாழைத்தாரைத் தலையில் வைத்துக்கொண்டு, கையைக்கூடக் கொடுக்காமல், சாவகாசமாக நின்று சிரித்தார்கள். ஒரு பெண் சொன்னாள்: “ஏனுங்க, அடுத்த சந்தைக்கும் இருப்பீங்களா? எங்க மாமியாளையும் கூட்டிக்கிட்டு வாரேன்.” என்னால் அவர்கள் தலையிலிருந்து ஒரு வாழைப்பழத்தைக்கூட இறக்க முடியவில்லை. வெயில் சாய்ந்து பாறை இடுப்பில் நிழல் விழுவதற்கு முன்னால் எழுந்து, எப்போதும்போல இறங்கிவிட்டேன். நிழலில் அந்த வழியைக் கடக்கிற ஆள் நான் இல்லை.

பனி குறைந்து பாதை காய்ந்திருந்த ஒரு சந்தை நாளில் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, “நானும் வாரேன்” என்றாள்.

நான் அத்தனை ஆபத்தையும் எடுத்துச் சொன்னேன். கரடி, சறுக்கு, காய்ச்சல். அம்மா கேட்டுக்கொண்டே வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அடிவாரத்திலிருந்து எனக்கு முன்னால் நடந்தாள். பாவு நீட்டி நடந்த கால். பாறை இடுப்பு வந்ததும் நான் நின்றேன். அம்மா திரும்பிப் பார்த்தாள். என் மூஞ்சியில் எல்லாம் எழுதியிருக்க வேண்டும். நரைத்துக்கொண்டிருக்கிற தலை எனக்கு.

“கண்ண மூடிக்க சாமி. கையப் புடி.”

மூடிக்கொண்டேன். நடுவழியில் அம்மாவின் கை ஒருமுறை இறுகியது. அந்த இடத்தில் இருவருக்கும் ஒரே நினைப்புத்தான் இருந்திருக்கும்.

கல்லைப் பார்த்ததும் அம்மா அழவில்லை. சுற்றி வந்து பார்த்தாள். மேலே படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். எதிரே நிழலில் உட்கார்ந்தோம்.

பகல் முழுக்கச் சனங்கள் போனார்கள். என்னைத் தெரிந்த பெண்கள், “இன்னைக்குக் கரடி இல்லீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு தலைச்சுமையும் வளைவில் தெரியும்போது அம்மாவின் முதுகு நிமிரும். அது கல்லைத் தாண்டும்போது தளரும். கொண்டுபோன கட்டுச்சோறு அவிழ்க்காமலே இருந்தது.

வெயில் சாய்ந்தது. பாறை இடுப்பில் நிழல் விழுந்தது. “போலாமுங்களாம்மா” என்றேன். அம்மா அசையவில்லை. கூட்டமெல்லாம் போய்ப் பாதை வெறிச்சென்று கிடந்தது.

அப்போது வளைவில் ஒரு பெண் வந்தாள். தனியாக, மெதுவாக, ஒரு கையைப் பாறையில் ஊன்றி. தலையில் உப்பு மூட்டை. நேராகக் கல்லுக்கு வந்தாள். வழக்கமாகச் செய்கிறவள்போல யோசிக்காமல் தலையைச் சாய்த்து மூட்டையைச் சரித்து வைத்துவிட்டு, இரண்டு கையையும் இடுப்பில் கொடுத்துப் பின்னால் வளைந்து நின்றாள். வயிறு முன்னால் தெரிந்தது.

அம்மா எழுந்துவிட்டாள். கிட்டே போகவில்லை.

எங்களைப் பார்த்ததும் அந்தப் பெண் சேலையைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள். “ஏனுங்க, இது முந்தி இல்லாத கல்லு. யாரு நட்டதுன்னு தெரியுமுங்களா?”

அம்மா என்னைப் பார்த்தாள்.

வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் சொல்லக்கூடிய விஷயமா அது? எனக்கு உடம்பு வியர்த்தது. பாறை இடுப்பில்கூட அப்படி வியர்த்ததில்லை. இதுநாள்வரை வேண்டாத இடத்திலெல்லாம் ஆடிய நாக்கு, வேண்டிய இடத்தில் அப்படியே நின்றது. பிறகு தானாகவே பேசியது.

“அது ஒரு பயந்தாங்கொள்ளி நட்டதுங்க. கீழ்நாட்டுக்காரன். மலையப் பாக்கோணும்னு வந்தான். அந்தப் பாறை வழியத் தாண்டினதும் காலு ரெண்டும் இனிமே வரமாட்டேன்னுடுச்சு. வெறுமனே திரும்பிப் போனா ஊருல சிரிப்பாங்கன்னு, ஒரு கல்ல நட்டு வெச்சுட்டுப் போயிட்டான்.”

“மெய்யாலுமுங்களா?”

“மெய்தான் சாமி” என்றாள் அம்மா. “நாலு கால்ல தவுந்துதான் வந்தான்.”

அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அவரு நல்லா இருக்கட்டுமுங்க. எல்லாரும் வாசப்பாறைக்குப் போயித்தான் எறக்குவாங்க. எனக்கு இப்ப அதுவரைக்கும் ஆவறதில்லீங்க. அவங்க போனதுக்கப்புறம் மெல்ல வந்து, இங்க எறக்கிட்டுப் போவேன். சந்தை தவறாம இதுதான்.”

சந்தை தவறாமல். நிழலுக்குப் பயந்து நான் இறங்கிப் போன பிறகு.

“எத்தனாவது மாசம்?” என்று அம்மா கேட்டாள்.

“ஏழு நடக்குதுங்க.”

அம்மா கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, “அந்த மூட்டைய நீ தூக்கிக்க. ஊடு வரைக்கும் கூடப் போயி வுட்டுட்டு வா” என்றாள். அந்தப் பெண் கூச்சப்பட்டு வேண்டாம் வேண்டாம் என்றாள். “போ சாமி. பாதி வழியில…” என்று ஆரம்பித்து அம்மா முடிக்கவில்லை.

மூட்டையைத் தலைக்கு வாங்கிக்கொண்டு ஏறினேன். உப்பு ஈரம் கழுத்தில் இறங்கியது. வாசப்பாறையைத் தாண்டியதும் பள்ளத்தாக்கு முழுக்கச் சாயங்கால வெளிச்சம். நெல் அறுத்த தாளடிகளில் கொக்குகள். புல் வீடுகளின் மேல் புகை ஏறாமல் அப்படியே படுத்துக் கிடந்தது. அவள் முன்னால் நடந்தாள், வரப்பில் ஒரு கால் வைத்து, நின்று, மறு கால் வைத்து. நான் அவள் நடைக்குத் தகுந்தபடி பின்னால் நடந்தேன். என் தங்கையும் கடைசி நாட்களில் இந்த வரப்பில் இப்படித்தான் நடந்திருப்பாள். அவள் நின்றபோதெல்லாம் நானும் நின்றேன். வயல் முடிகிற இடத்தில் ஒருவன் வேகமாக எதிரே வந்து, ஏன் இத்தனை நேரம் என்று அவளைக் கடிந்துகொண்டு, என் தலையிலிருந்து மூட்டையை வாங்கிக்கொண்டான்.

திரும்பி வந்தபோது அம்மா கல்லோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். பலகைக் கல்லின் மேல் மூட்டை வைத்த இடத்தில் ஈரம் கறுப்பாக இருந்தது. அதை அவள் துடைக்கவில்லை.

“எதுக்க ஆளு வந்தாங்களா?”

“அவ புருசன் வந்தானுங்கம்மா. வயலோரத்துக்கே வந்துட்டான்.”

அம்மா தலையாட்டினாள். கல்லைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, முழு உடம்பையும் அதன்மேல் கொடுத்து எழுந்தாள்.